தொடாமலே பழுதாகும்

இரும்பு துருப்பிடிக்கிறது, மரம் உளுத்துப்போகிறது. மென்பொருளுக்கு இந்த விதி கிடையாது. பத்தாண்டுக்கு முன் எழுதிய நிரலை இன்று திறந்து பார்த்தால் அதில் ஓர் அரைப்புள்ளிகூட இடம் மாறியிருக்காது. ஆனாலும் வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் (சிஎம்எஸ்) கட்டிய தளங்களைப் பராமரிப்பவர்களிடம் ஒரு புகார் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது: நேற்றுவரை ஓடியது, நாங்கள் எதையும் தொடவில்லை, இன்று காலை வெற்றுத் திரைதான் வருகிறது. கேட்பவர் இதைப் பெரும்பாலும் நம்புவதில்லை. யாரோ எதையோ அழுத்திவிட்டு மறைக்கிறார்கள் என்றே எண்ணுகிறார். ஆனால் புகார் சொல்பவர் பல நேரங்களில் உண்மையைத்தான் சொல்கிறார். அந்தத் தளம் பழுதானதே யாரும் தொடாததால்தான் என்பதை இந்த அத்தியாயத்தில் நிறுவ விரும்புகிறேன். இது தெளிவானால் பழுதைத் தேடும் முறையும் மாறும், பராமரிப்பு எதற்காக என்ற எண்ணமும் மாறும்.

இந்தப் புதிரை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் மெயர் லெமன். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற பெரிய இயங்குதளம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி வளர்ந்தது என்று லாஸ்லோ பெலாடியுடன் சேர்ந்து அளந்து பார்த்தவர் அவர். 1970களில் அவர் வகுக்கத் தொடங்கிய விதிகளில் முதலாவது இது: உலக நடப்போடு பிணைந்து பயன்படும் நிரலைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்; திருத்தாவிட்டால் அதன் பயன் படிப்படியாகக் குறையும். 1994இல் டேவிட் பார்னாஸ் மென்பொருளின் முதுமையைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதற்கு இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டினார். சுற்றுப்புறம் மாறும்போது மாறாமல் நிற்பது ஒன்று. உள்ளமைப்பு தெரியாதவர்கள் கைவைத்துத் திருத்துவது மற்றொன்று. சிஎம்எஸ் தளத்துக்கு இரண்டு முதுமையும் சேர்ந்தே வருகின்றன. அதன் பாகங்களை எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதே அதற்குக் காரணம்.

ஒரு பக்கம் திரைக்கு வரும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு கட்டுரைக்கென்று தனியே ஒரு பக்கக் கோப்பு எங்கும் கிடையாது. வாசகர் இணைப்பைச் சொடுக்கியதும் சர்வர் அந்தக் கோரிக்கையை வாங்கி பிஎச்பி மொழியின் இயக்கியிடம் கொடுக்கிறது. வேர்ட்பிரஸின் மூலநிரல் தன் அமைவுக் கோப்பிலிருந்து தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்து மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளோடு இணைகிறது. எந்தெந்த பிளகின்கள் (துணை நிரல்கள்) இயங்க வேண்டும் என்ற பட்டியலை அங்கே படித்து, அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. பிறகுதான் கட்டுரையைத் தேடி எடுத்து, தீம் சொல்லும் வடிவத்தில் அடுக்கி அனுப்புகிறது. பக்கத்தின் நகலைச் சேமித்துவைக்கும் கேஷ் எதுவும் இல்லாவிட்டால், கேட்கிற ஒவ்வொரு முறையும் பக்கம் புதிதாகப் பிறக்கிறது. அந்தப் பிறப்பில் பங்கெடுக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு வேறு உரிமையாளர். பிஎச்பியை ஒரு குழு வளர்க்கிறது, மைஎஸ்கியூஎல்லை ஆரக்கிள் வளர்க்கிறது, எந்தப் பதிப்பை ஓட்டுவது என்பதை ஹோஸ்டிங் நிறுவனம் முடிவு செய்கிறது. பிளகின்களை எங்கெங்கோ இருக்கும் தனியாட்கள் எழுதுகிறார்கள். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கோ காலம் கடப்பதே போதும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தொடக்கத்தில் வழங்கிய சான்றிதழ்களின் ஆயுளே 90 நாள்தான். ஆகவே தளம் என்று நாம் சொல்வது இத்தனை பாகங்களுக்கும் இடையே அந்த நொடியில் நிலவும் ஓர் உடன்பாடு. நம் தளத்தின் கோப்புகள் அந்த உடன்பாட்டில் ஒரு தரப்பு மட்டுமே. மற்றத் தரப்புகள் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை.

இதற்குத் தெளிவான சான்று பிஎச்பியின் வரலாற்றிலேயே இருக்கிறது. தரவுத்தளத்தோடு பேச அந்த மொழியில் தொடக்க காலத்திலிருந்தே ஒரு செயற்கூறுத் தொகுதி இருந்தது. ஆயிரக்கணக்கான பிளகின்களும் தீம்களும் அதை நம்பி எழுதப்பட்டன. 2013இல் வந்த 5.5ஆம் பதிப்பு அந்தத் தொகுதியை வழக்கொழிந்ததாக அறிவித்தது. 2015 டிசம்பரில் வந்த 7.0 அதை அடியோடு நீக்கியது. எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை யாரும் திறந்து பார்க்காத பதிவுக் கோப்புகளில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. பிறகு 5.6ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 டிசம்பரோடு நின்றன. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பழைய பதிப்பை ஓட்டுவதை நிறுத்தியபோது, தொடப்படாத பிளகின் இல்லாத செயற்கூறை அழைத்தது. இயக்கி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிழைச் செய்திகளை வாசகருக்குக் காட்டக் கூடாது என்பது பொதுச் சர்வர்களின் வழக்கமான அமைப்பு. அவற்றில் கோப்புப் பாதைகளும் உள் விவரங்களும் வெளிப்பட்டுவிடும் என்பதால் அது நியாயமான ஏற்பாடும்கூட. அதன் விளைவுதான் வெற்றுத் திரை. திரை ஒன்றும் சொல்லாது. ஆனால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பது பதிவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பழுது பார்க்க வருபவர் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். 2019 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 5.2, இப்படி ஒரு பிளகின் விழும்போது நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்த பிளகினை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே நுழைய வழி செய்துகொடுத்தது. வெற்றுத் திரையின் முன் திகைத்து நின்ற பலருக்கு அது பெரிய விடுதலை.

பதிவுக் கோப்பு எப்போதும் உதவும் என்று சொல்ல முடியாது. தளம் விழாமல், தவறாக மட்டும் நடந்துகொள்ளும் பழுதுகளே கடினமானவை: படிவம் அனுப்பினால் போய்ச் சேருவதில்லை, படங்கள் இடம் மாறி நிற்கின்றன. இங்கே 'எது கெட்டுப்போனது' என்ற கேள்வி பலன் தருவதில்லை, எதுவும் கெட்டுப்போயிருக்காது. 'எது மாறியது' என்றே கேட்க வேண்டும். ஜெர்மானியக் கணினியியலாளர் ஆண்ட்ரியாஸ் ஜெல்லர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு ஒரு முறைமையைக் கொடுத்தது. அவர் எடுத்துக்கொண்ட நிகழ்வு, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி 4.16இலிருந்து 4.17ஆம் பதிப்புக்கு மாறியபோது, அதன்மேல் உட்கார்ந்து இயங்கும் டிடிடி என்ற சித்திரமுகப்பு ஒழுங்காக வேலை செய்யாமல் போனது. இரு பதிப்புகளுக்கும் இடையே 1,78,000 வரிகள் மாறியிருந்தன. மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் நிரல் ஒன்றை அவர் ஓட்டினார். அது ஒரே ஒரு வரியில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வரி ஒரு விளக்க வாக்கியம்; அதில் ஒரு சொல்லுக்குப் பதிலாக இரண்டு சொற்கள் போடப்பட்டிருந்தன, அவ்வளவுதான். ஜிடிபி எழுதியவர்களுக்கு அது மனிதர் படிக்கும் உதவிக்குறிப்பு. டிடிடிக்கோ அது தான் காத்திருந்து படித்துப் புரிந்துகொள்ளும் பதில். இரண்டு நிரல்களிலும் பிழை இல்லை. இருவரும் எழுதிவைக்காத ஓர் உடன்பாடு அறுந்தது.

சிஎம்எஸ் தளத்தில் இந்தப் பாதிப்பிளவு முறையை எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல் செய்யலாம். முப்பது பிளகின்கள் இருந்தால் பதினைந்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். பழுது நீங்கினால் குற்றவாளி அந்தப் பதினைந்தில் இருக்கிறது, நீங்காவிட்டால் மற்றப் பாதியில். ஐந்து சுற்றுகளுக்குள் ஒன்றில் வந்து நின்றுவிடும். ஒன்றொன்றாக நிறுத்திப் பார்ப்பவர் முப்பது முறை முயல நேரலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிரவுசரிலும் கேஷ் பிளகினிலும் இடைச் சர்வர்களிலும் பழைய பக்கத்தின் நகல் தங்கியிருக்கும். அவற்றைக் காலிசெய்யாமல் சோதித்தால் ஏற்கெனவே சரியானதைப் பழுது என்றும் பழுதானதைச் சரி என்றும் முடிவுகட்ட நேரும். அடுத்தது, தனியே எந்தப் பாதியிலும் பழுது தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் மட்டும் தெரிவது. அப்போது ஒவ்வொரு பாதியிலும் ஒரு பிளகின் வீதம், இரண்டுக்கும் இடையே மோதல் இருக்கிறது என்று பொருள். ஒரு பாதியை முழுதாக இயங்கவிட்டு, மற்றதை மட்டும் பிளந்து தேட வேண்டும். ஜெல்லரின் முறையும் இதற்கு இடம் வைத்திருந்தது.

எழுதிவைக்காத உடன்பாடு அறுவதால் தமிழ்த் தளங்கள் பட்ட அடி தனி வகை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. மைஎஸ்கியூஎல்லோ 8.0 பதிப்பு 2018இல் வரும்வரை, யாரும் வேறு சொல்லாவிட்டால், அட்டவணைகளை லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய முறையில்தான் அமைத்தது. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தொடக்க கால வேர்ட்பிரஸ் தன் தமிழ்ப் பைட்டுகளை அந்த அட்டவணையில் கொட்டியது; திரும்பக் கேட்டபோது அதே பைட்டுகள் வந்தன; பிரவுசர் அவற்றைத் தமிழாகக் காட்டியது. எழுதும்போது செய்த அதே தவறு படிக்கும்போதும் நடந்ததால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்தன. ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. 2007இல் வந்த வேர்ட்பிரஸ் 2.2 எழுத்துமுறையை வெளிப்படையாகச் சொல்லும் அமைவைச் சேர்த்தது. அதற்குப் பின் தரவுத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியவர்களிலும், அந்த அமைவைத் தொட்டவர்களிலும் பலர் கண்டது, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று குப்பைக் குறிகளாக உடைந்து கிடப்பதை. மேலே சாய்கோடு போட்ட சிறிய ரோமன் எழுத்து திரும்பத் திரும்ப வரும். அதை அடுத்துப் பெரும்பாலும் வட்டத்துக்குள் இன்னொரு ரோமன் எழுத்து நிற்கும். தமிழ்ப் பகுதியின் எல்லா எழுத்துகளுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்த ஒரே குறி ஓயாமல் வருகிறது.

இந்தக் குப்பையைப் பார்த்துக் கட்டுரைகள் அழிந்துவிட்டன என்று கைவிட்டவர்கள் உண்டு. அந்த இழப்பு எனக்கு இன்றும் பொறுக்க முடியாதது, ஏனென்றால் அது தேவையே இல்லாத இழப்பு. குப்பைக் குறிகள் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். அட்டவணையில் கட்டுரைகள் இருக்கும் நெடுவரிசையை முதலில் எழுத்துமுறை ஏதுமற்ற வெறும் பைட்டுகளாக மாற்றி, அடுத்து யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் தமிழ் மீண்டுவரும். இடைப்படியைத் தாண்டி லத்தீன்-1இலிருந்து நேராக மாற்றினால் குப்பையே இரண்டாவது முறை குறியாக்கம் ஆகிப் பழுது இரட்டிக்கும். எழுத்துகள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் நின்றால் நிலைமை வேறு. அங்கே மூல பைட்டுகள் போய்விட்டன. பழைய காப்புநகல்தான் கதி. ஆகவே குப்பை தெரியும் தளத்தில் எந்தக் கட்டுரையையும் திறந்து 'சேமி' பொத்தானை அழுத்தக் கூடாது.  

இதுவரை சொன்ன மாற்றங்கள் யாருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்தவை அல்ல. தொடாமல் விட்ட தளத்தைச் சூழும் மாற்றங்களில் ஒன்று மட்டும் வேறு ரகம்: அதன் ஓட்டை உலகுக்குத் தெரியவருவது. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்விகளில் அந்நியர் கட்டளைகளை நுழைக்காதபடி தடுக்கவென்றே எழுதப்பட்ட பகுதியில், அத்தகைய நுழைவுக்கு வழி இருந்தது. 2011இல் வந்த 7.0 முதல் எல்லா 7ஆம் பதிப்புகளிலும் அது இருந்தது. கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. மூலநிரலில் திருத்தம் ஒரே வரி. சில மணி நேரத்தில் தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கின. இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 29 அன்று அந்தக் குழு இன்னொரு அறிவிப்பில், முதல் அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத ஒவ்வொரு தளமும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருதிச் செயல்படும்படி சொன்னது. அந்த ஏழு மணி நேரம் இந்திய நேரப்படி இரவு ஒன்பதரையிலிருந்து விடியற்காலை நாலரை வரை. இன்னொன்றையும் அந்த அறிவிப்பு சொன்னது: நீங்கள் திருத்தாமலே உங்கள் தளம் திருத்தப்பட்டிருந்தால் அதுவே ஆபத்தின் அறிகுறி. உள்ளே நுழைந்தவர்கள் வேறு யாரும் பின்தொடரக் கூடாதென்று கதவைத் தாங்களே மூடிக்கொண்டார்கள். 'எங்கள் தளம் சின்னது, எங்களை யார் தாக்கப்போகிறார்கள்' என்ற சமாதானத்துக்கு இதில் இடமே இல்லை. தாக்கியவை ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்கள் அல்ல. முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள். சிறிய தளத்தின் சர்வரும் ஸ்பாம் மின்னஞ்சல் அனுப்பப் போதுமானதுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தொடாமல் இருப்பதுதான் ஆபத்து என்றால் அப்டேட் செய்பவர்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அப்படி இல்லையே என்பதே அது. இதை ஒதுக்கிவிட முடியாது. 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 புதிதாகச் சேர்த்த ஒரு வசதியில், முன்பின் தெரியாதவர்கூடக் கட்டுரைகளைத் திருத்திவிடும் ஓட்டை இருந்தது. பழைய 4.6இலேயே நின்றவர்களுக்கு அந்த ஆபத்து வரவில்லை. 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 அதை அடைத்தது. தானியங்கி அப்டேட் பரவட்டும் என்று பிப்ரவரி 1 வரை ஓட்டையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தார்கள். அது வெளியானதும், தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்திருந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. அதே 2017இல் இன்னொன்று நடந்தது. இரண்டு லட்சம் தளங்களில் இருந்த டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற பிளகினை அதை எழுதியவர் விற்றுவிட்டார். வாங்கியவர் அப்டேட்டின் வழியாகவே ஸ்பாம் பதிவுகளை வெளியிடும் நிரலைப் புகுத்தினார்; உள்நுழைந்திருக்கும் நிர்வாகியின் கண்ணுக்கு அந்தப் பதிவுகள் தெரியாதபடி அது எழுதப்பட்டிருந்தது. ஆக, கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்வது பராமரிப்பு ஆகாது. தொடாமல் நிற்பதும் ஆகாது. மாற்றங்கள் வந்தே தீரும் என்றால், எந்த மாற்றத்திலிருந்தும் திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்திருப்பதுதான் பராமரிப்பு என்று நான் கொள்கிறேன். இப்படிப் பார்த்தால் நடைமுறை முடிவுகள் தாமாகவே அமைகின்றன. மூலநிரலின் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக ஏறவிடலாம். அவற்றில் மாறுவது கொஞ்சம், தாமதத்தின் விலை அதிகம். பெரிய பதிப்புகளையும் பிளகின்களையும் தளத்தின் நகல் ஒன்றில் முதலில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டால் பழுது தெரியும்போது தேட வேண்டிய இடம் ஒன்றுதான். பயன்படாத பிளகினை நிறுத்திவைத்தால் போதாது, நீக்கிவிட வேண்டும். அதன் கோப்புகள் சர்வரில் இருக்கும்வரை அவற்றின் ஓட்டைகளும் இருக்கும்.

திரும்பி வரும் வழிக்கு அடிப்படை காப்புநகல். அதுவும் இதே முதுமைக்கு உட்பட்டது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது, தினமும் நகல் எடுத்துச் சேர்க்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கம் இது: தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6இல் ஓடியது, நகல் எடுத்த கருவியோ 9.2. பொருந்தாததால் கருவி ஒவ்வொரு முறையும் தோற்றது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர், அனுப்பியவர் யாரென்று உறுதிப்படவில்லை என்று தள்ளிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக எடுத்துவைத்த நகல் இருந்ததால் இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்துக்கே இந்த நிலை. எனவே ஒருமுறையாவது திறந்து, வேறொரு இடத்தில் தளமாக நிறுத்திப் பார்த்த நகலை மட்டுமே காப்புநகலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தில் கட்டுரைகள் தரவுத்தளத்திலும் படங்கள் கோப்பகத்திலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், தளம் ஓடும் சர்வரிலேயே வைக்கக் கூடாது. தமிழ்த் தளமானால், நிறுத்திப் பார்த்ததும் கண் முதலில் போக வேண்டியது எழுத்துகளுக்கு.

இவ்வளவு பாடு எதற்கு, சிஎம்எஸ்ஸே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு வகைத் தளத்துக்கு அவர்கள் சொல்வது முற்றிலும் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். நின்றுபோன சிற்றிதழின் தொகுப்பு, நடந்து முடிந்த மாநாட்டின் தளம் போன்றவற்றில் இனி யாரும் எழுதப்போவதில்லை. எழுதுவதற்கென்று இருக்கும் இயந்திரத்தை அங்கே ஓடவிடுவது, பயனே இல்லாமல் எல்லா உடன்பாடுகளையும் சுமப்பது. அவற்றின் பக்கங்களை ஒருமுறை பிறக்கவைத்து, வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாகச் சேமித்துச் சர்வரில் வைத்துவிடலாம். அதன்பின் பிஎச்பி மாறினாலும் தரவுத்தளம் மாறினாலும் அந்தத் தளத்துக்குக் கவலை இல்லை; தளப் பெயரையும் சான்றிதழையும் புதுப்பித்தால் போதும். தேடல் பெட்டியும் படிவங்களும் போய்விடும் என்பது உண்மைதான். தேடலுக்குப் பதில் ஆசிரியர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அட்டவணைப் பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கிவிடலாம். மாநாடு முடிந்த மறுமாதமே, கட்டியவர்கள் கலைந்துபோகும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மூலத் தளத்தின் நகலை இணையத்தோடு இணையாத ஒரு கணினியில் வைத்துக்கொண்டால், பின்னாளில் ஒரு பெயரையோ தேதியையோ திருத்த நேர்ந்தாலும் அங்கே திருத்திவிட்டு, பக்கங்களை மறுபடி எடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.